சோற்றுக்குத் தாளமா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்

பிழைக்க வழியின்றித் திண்டாடுகிறவனைப் பார்த்து, "சோற்றுக்குத் தாளம் போடுகிறான்" என்கிறோம். தற்பெருமை பேசுகிறவன் தம்பட்டம் அடிக்கிறான். பெரிய மனிதர் முன் குழைகிறவன் ஜால்ரா போடுகிறான். காது கேளாதவரை இரக்கமே இல்லாமல் டமாரச் செவிடு என்கிறோம். இரண்டு பக்கமும் துன்பப்படுகிறவனுக்கு மத்தளத்தைத்தான் உவமை சொல்கிறோம். வீணையின் பெயரைச் சொல்லியோ குழலின் பெயரைச் சொல்லியோ நாம் யாரையாவது திட்டியதுண்டா? இல்லை. அடிபடுகிற கருவி என்பதால் அதன் பெயரும் அடிபடுகிறது. அதை வாசிக்கிறவனின் மானமும் அடிபடுகிறது.

இந்த மனப்பான்மை தவறு என்பதே என் கட்டுரையின் கருத்து. தாளம் ஒரு கல்வி. தாளக்காரன் ஒரு படிப்பாளி. அவன் வாழ்க்கையும் உழைப்பும் ஒரு பொறியாளரின் வாழ்க்கையைப் போல, ஓர் ஆசிரியரின் வாழ்க்கையைப் போல மதிக்கத்தக்கவை. இதை நிறுவ நான் எடுத்துக்கொள்ளும் சான்று, தமிழகத்தில் பிறந்து உலகமெங்கும் அறியப்பட்ட ஒரு டிரம்ஸ் கலைஞரின் வாழ்க்கை. 'டிரம்ஸ்' என்ற சொல்லையே தம் பெயருக்கு முன்னொட்டாகப் பெற்றுவிட்ட சிவமணிதான் அவர்.

பறை என்றால் பேச்சு

முதலில் நம் மண்ணைப் பார்ப்போம். தமிழில் 'பறைதல்' என்றால் சொல்லுதல் என்று பொருள். பேச்சுக்கும் கருவிக்கும் ஒரே சொல்லை வைத்த இனம் நம் இனம். ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களைத் தொல்காப்பியர் வரிசைப்படுத்தும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் சேர்த்தார். அதாவது, நிலம் என்று ஒன்று இருந்தால் அதற்கென ஒரு பறையும் இருந்தே தீரும் என்பது பழந்தமிழர் கணக்கு. வயல் சூழ்ந்த மருதத்துக்கு நெல்லரிகிணை. கடல் சூழ்ந்த நெய்தலுக்கு மீன்கோட்பறை.

நம் செங்கற்பட்டு மாவட்டம் இந்த இரண்டு திணைகளையும் ஒருசேரப் பெற்றது. மேற்கே கொளவாய் ஏரியும் மதுராந்தகம் ஏரியும் பாலாறும் தரும் வயல்கள். கிழக்கே கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை நீளும் மீனவர் குப்பங்கள். பழைய இலக்கணப்படி பார்த்தால் நம் கல்லூரி வகுப்பறையில் இரண்டு பறைகள் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்து பாடம் கேட்கின்றன!

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவியின் ஆட்டத்துக்கு முன்னே ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன் ஆகியோரின் தகுதிகளைக் கூறும் இளங்கோவடிகள், தண்ணுமை ஆசிரியனின் தகுதியையும் தனியே கூறுகிறார். தாளம் தெரிந்தவன் அன்று 'ஆசிரியன்' என்ற வரிசையில் நின்றான் என்பதைக் கவனியுங்கள். அந்தக் காப்பியத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், தோற்கருவிகளில் முப்பது வகைக்கும் மேலாகப் பெயர் சொல்லி அடுக்குகிறார். குடைவரைகளை நமக்குத் தந்த முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்களுள் 'சங்கீர்ண ஜாதி' என்பதும் ஒன்று. தாள இலக்கணத்தில் சங்கீர்ணம் என்பது இன்று ஒன்பது எண்ணிக்கை கொண்ட ஜாதியின் பெயர். மன்னனின் இசை அறிவை, சிறப்பாகத் தாள அறிவைக் குறிக்கும் பட்டமாகவே அதை அறிஞர்கள் கொள்கின்றனர். நாட்டை ஆண்டவன் பெருமையோடு சூடிக்கொண்ட பட்டம், நம் காலத்தில் "சோற்றுக்குத் தாளம்" என்று தேய்ந்துபோனது எவ்வளவு பெரிய வீழ்ச்சி!

ஓர் ஆள், நான்கு வேலை

இனி டிரம்ஸ் என்னும் கருவிக்கு வருவோம். மேல்நாட்டுக் கருவி என்று நாம் ஒதுக்கும் இது, உண்மையில் எந்த ஒரு நாட்டுக்கும் சொந்தமானதன்று. பெரிய பேஸ் டிரம்மும் கம்பி கட்டிய ஸ்நேர் டிரம்மும் ஐரோப்பியப் படை அணிவகுப்பிலிருந்து வந்தவை. சிம்பல் எனப்படும் வெண்கலத் தட்டு துருக்கியிலிருந்து வந்தது. 1623-ஆம் ஆண்டு கான்ஸ்டான்டிநோபிளில் தொடங்கிய ஓர் ஆர்மீனியக் குடும்பத்தின் தொழில் இன்றும் 'ஜில்ஜியான்' என்ற பெயரில் நடக்கிறது. டாம்-டாம் வகை முழவுகளுக்கு முன்னோடி சீனத்து முழவுகள். இவற்றையெல்லாம் ஓரிடத்தில் குவித்து ஒரே ஆள் வாசிக்கும்படி செய்தவர்கள், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின இசைஞர்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ஒரு சமுதாயத்தின் கைகளில் பிறந்த கருவி இது என்பதை நாம் மறக்கலாகாது.

மூன்று பேர் நின்று செய்த வேலையை ஒருவர் உட்கார்ந்து செய்யத் தொடங்கியது காலால் இயக்கும் மிதிகட்டை வந்த பிறகு. 1909-இல் லுட்விக் என்பார் அதைச் செம்மைப்படுத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1920-களில் ஹை-ஹாட் என்னும் இரட்டைத் தட்டு வந்து இடது காலுக்கும் வேலை கொடுத்தது. 1950-களின் பிற்பகுதியில் கன்றுத் தோலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தோல் வந்தது. ஈரக் காற்றில் தளராத இந்தத் தோல், ராக் இசையின் பேரோசைக்கு ஈடுகொடுத்தது. இரண்டு கை, இரண்டு கால், நான்குக்கும் நான்கு வெவ்வேறு கணக்கு; ஆனால் மனம் ஒன்று. இதைக் கற்பது எளிதென்று நினைப்பவர்கள், வலக்கையால் மேசையில் மூன்றும் இடக்கையால் நான்கும் ஒரே நேரத்தில் தட்டிப் பாருங்கள்! வகுப்பில் வேண்டாம்; விடுதியில் செய்து பாருங்கள்.

ஆனந்தனின் மகன்

சிவமணி 1959 டிசம்பர் 1 அன்று சென்னையில் பிறந்தார். அவர் தந்தை எஸ்.எம். ஆனந்தன் திரையிசைக் குழுக்களில் டிரம்ஸ் வாசித்தவர். திரையில் பெயர் ஓடும்போது பாடகரின் பெயர் வரும்; கவிஞரின் பெயர் வரும்; ஒலிப்பதிவுக் கூடத்தின் மூலையில் அமர்ந்து கோல் பிடித்தவரின் பெயர் வராது. அப்படிப் பெயர் வராதவர்களின் குடும்பத்தில் பிறந்த பையன் ஏழு வயதில் கோலெடுத்தான். பதினொரு வயதில் தொழிலுக்கே வந்துவிட்டான்.

அவருடைய பள்ளிக்கூடம் எது? சென்னையில் டிரம்ஸ் வாசித்த நோயல் கிராண்டைப் பார்த்தும், பனாமாவில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற பில்லி காபமைக் கேட்டும் அவர் கற்றார். காபம் வாசித்த குழுவின் பெயரே 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா'. 1971-இல் தொடங்கிய அந்தக் குழு, ராக் இசையில் ஐந்தும் ஏழுமாக ஒற்றைப்படை எண்ணிக்கைகளைப் புகுத்தியது. அந்தக் கணக்குகள் கண்ட நடை, மிச்ர நடை என்ற பெயர்களில் நம்மிடம் எப்போதும் இருந்தவையே. அந்தப் பக்கத்தையும் சிவமணி விட்டுவிடவில்லை. குன்னக்குடி வைத்தியநாதனின் வயலின், மாண்டலின் சீனிவாசின் விரைவு, எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் மேடைக் கச்சேரி என்று வெவ்வேறு பெருங்கலைஞர்களோடு அவர் வாசித்தார். ஒவ்வொரு மேடையும் அவருக்கு ஒரு வகுப்பு; ஒவ்வொரு கச்சேரியும் ஒரு தேர்வு. நமக்காவது பருவத்துக்கு ஒருமுறை தேர்வு. அவருக்கோ நாள்தோறும் தேர்வு. அதுவும் ஆயிரம் பேர் எதிரே!

1980-களில் சென்னையில் 'ரூட்ஸ்' என்றொரு குழு இருந்தது. ஜான் ஆண்டனி, சுரேஷ் பீட்டர்ஸ் போன்றோர் சேர்ந்த அந்தக் குழுவில் டிரம்ஸ் சிவமணி. கீபோர்டு வாசித்தவர், அவரைவிட ஏழு வயது இளையவரான ஓர் இளைஞர். 1992-இல் 'ரோஜா' வெளிவந்தபோது அந்த இளைஞரை நாடே ஏ.ஆர். ரகுமான் என்று அறிந்தது. அதன்பின் ரகுமானின் இசையிலும் உலகச் சுற்றுப் பயணங்களிலும் சிவமணியின் கோல் உடன் சென்றது. 2008-இல் சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்காக ஆட்டத் திடலில் முழங்கினார். 2014-இல் 'அரிமா நம்பி' படத்துக்கு அவரே இசையமைப்பாளர். 2019-இல் பத்மஸ்ரீ. 2022-இல் நம் மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாடு நடந்ததே, அதன் நிறைவு விழா ஆகஸ்டு 9 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நடந்தபோது, உலக நாடுகளின் வீரர்கள் முன்னே முழங்கியவர்களுள் அவரும் ஒருவர்.

இந்தப் பட்டியலைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. மேடையில் அவர் டிரம்ஸை மட்டும் வாசிப்பதில்லை. உடுக்கை, கடம், கஞ்சிரா, அரபு நாட்டுத் தர்புகா எல்லாம் அவரைச் சுற்றி இருக்கும். அவை போதாவென்று வாளி, பெட்டி, தண்ணீர்ப் பாத்திரம் ஆகியவற்றிலும் தாளத்தைக் கண்டெடுப்பார். அம்மன் கோயிலில் பூசாரி கையில் இருந்த உடுக்கையை, ராக் இசையின் பேஸ் டிரம்முக்குப் பக்கத்தில் சமமாக வைத்தார் அவர். கருவிகளில் உயர்ந்தது தாழ்ந்தது இல்லை என்பதை மேடையிலே செய்து காட்டும் சமத்துவப் பாடம் இது!

மேல்நாட்டிலும் இதே கதைதான்

வறுமையும் நோயும் நம் ஊருக்கு மட்டும் உரியவை அல்ல. பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார், லிவர்பூலின் ஏழைக் குடும்பத்தில் 1940-இல் பிறந்தவர். நோயால் பள்ளியை இழந்து மருத்துவமனையில் கிடந்த காலத்தில், அங்கே பிள்ளைகளுக்காக நடத்திய வாத்தியக் குழுவில்தான் அவர் முதன்முதலில் தாளம் தட்டினார். லெட் செப்பலின் குழுவின் ஜான் பான்ஹம், தந்தையிடம் தச்சு வேலை பழகியவர். அந்த மாபெரும் கலைஞர் 1980-இல் 32 வயதிலேயே மதுவுக்குப் பலியானார். அவரில்லாமல் அந்தக் குழுவே கலைந்தது. புகழ் மட்டும் ஒருவனைக் காப்பாற்றாது என்பதற்கு இது எச்சரிக்கை.

டெஃப் லெப்பர்டு குழுவின் ரிக் ஆலனை நினைத்துப் பாருங்கள். 1984 டிசம்பர் 31 அன்று கார் விபத்தில் அவர் இடக்கையை இழந்தார். அப்போது அவருக்கு வயது 21. டிரம்ஸ்காரனுக்குக் கை போனால் என்ன மிச்சம்? கால் மிச்சம் என்றார் அவர்! இடக்கை செய்த வேலையை இடக்காலுக்குக் கற்றுக்கொடுத்தார். அதற்கென மின்னணு மிதிகட்டைகளை அமைக்கச் செய்தார். 1986 ஆகஸ்டில் டோனிங்டன் விழாவில் பெருங்கூட்டத்தின் முன்னே வாசித்தார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இங்கே அடியே தன் இடத்தை விட்டு நகர்ந்து கைக்குப் பதிலாகக் காலில் போய் அமர்ந்தது. இதைப் 'பிறவிக் கொடை' என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிட முடியுமா? இது கல்வி; கடுமையான கல்வி.

இயற்பியலின் சாட்சி

நான் இயற்பியல் மாணவன். ஆகவே எங்கள் துறையின் சாட்சியத்தையும் இங்கே தருகிறேன்.

கம்பியை மீட்டினால் அடிப்படை அதிர்வெண் 100 என்றால் அடுத்த மேற்சுரங்கள் 200, 300, 400 என்று முழு மடங்கில் வரும். காதுக்கு அது இனிமை. ஆனால் வட்டமாக இழுத்துக் கட்டிய சாதாரணத் தோலை அடித்தால், அடிப்படை 100 எனில் அடுத்தவை ஏறத்தாழ 159, 214, 230 என்று ஒழுங்கில்லாமல் வரும். ஆகவேதான் பெரும்பாலான முழவுகளில் ஓசை உண்டு, சுரம் தெளிவில்லை. மேல்நாட்டு அறிவியல் இதைப் பொது விதியாகவே கொண்டிருந்தது.

மிருதங்கமும் தபலாவும் இந்த விதிக்குக் கட்டுப்படவில்லை என்று காட்டியவர் சர் சி.வி. இராமன். 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார். 1934-இல் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். தோலின் மீது மணலைத் தூவி அதிர்வின் வடிவங்களைக் கண்டார். முதல் ஒன்பது அதிர்வு முறைகளும் ஒன்றோடொன்று இணைந்து ஐந்தே ஒத்திசைச் சுரங்களாக அமைவதைக் கண்டறிந்தார். இதற்குக் காரணம் வலந்தலையின் நடுவே உள்ள கரிய கரணை. அது நடுவில் கனமாகவும் ஓரத்தில் மெலிதாகவும் படிந்து தோலின் அதிர்வை ஒழுங்குபடுத்துகிறது.

அந்தக் கரணை எதனால் ஆனது தெரியுமா? இரும்புச் சத்துள்ள கல்லைப் பொடியாக்கிச் சோற்றோடு பிசைந்து, படலம் படலமாகத் தேய்த்து ஏற்றுவார்கள். ஆம் நண்பர்களே, சோறு! தாளம் சோறு போடுமா என்று கேட்கிறோம். தாளத்துக்குச் சோறு போட்டு அறிவியலையே வியக்க வைத்தவர்கள் நம் முன்னோர். அவர்களுக்கு நோபல் பரிசு இல்லை, பெயரும் இல்லை. அவர்கள் தோல் பதப்படுத்தும் தொழிலாளர்கள், மிருதங்கம் செய்கிறவர்கள். மிருதங்கம் செய்வோரின் வாழ்வைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-இல் 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' என்ற நூல் எழுதினார். தோலின் ஓசையை ஏற்கும் சமுதாயம், தோலைத் தொட்ட கையை ஏற்கிறதா என்று அந்நூல் கேட்டது. அதன் வெளியீட்டு விழாவுக்குத் தந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்திரா திரும்பப் பெற்றது. விழா வேறிடத்தில் நடந்தது. கேள்வி எவ்வளவு சரியானது என்பதற்கு அதுவே விடை.

வாசலும் மேடையும்

இனிச் சொல்வதுதான் என் மனத்தை உறுத்துவது. நான் பார்க்கச் சென்ற ஒரு கல்லூரி விழா. சிறப்பு விருந்தினரை வரவேற்க வாயிலில் பறைக் குழுவை நிறுத்தியிருந்தார்கள். காலை ஒன்பது மணிக்கு வர வேண்டிய விருந்தினர் பதினொன்றரைக்கு வந்தார். அதுவரை அந்தக் கலைஞர்கள் வெயிலில் நின்றார்கள். நடுநடுவே வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டார்கள். கார் வந்ததும் ஐந்து நிமிடம் முழங்கினார்கள். பிறகு அவர்களை யாரும் உள்ளே அழைக்கவில்லை. உள்ளே மேடையில், வாடகைக்கு எடுத்த டிரம்ஸுக்குத் தனி விளக்கு, தனி ஒலிவாங்கி, வாசித்த இளைஞருக்குப் பொன்னாடை!

டிரம்ஸ் வாசித்த இளைஞர் மீது எனக்குக் குறையில்லை, நன்றாகவே வாசித்தார். ஆனால் ஒரே தாளம் வாசலில் நின்றால் கூலி, மேடையில் ஏறினால் கலை என்பது என்ன நியாயம்? அடிக்குச்சியையும் சிம்புக்குச்சியையும் இரண்டு கைகளில் பிடித்து, இரு வேறு ஓசைகளை ஒரே வட்டத்தில் எழுப்பும் பறைக் கலைஞரின் கணக்கு, ஸ்நேர் டிரம்மின் கணக்குக்கு எந்த வகையில் குறைந்தது?

என் தாய்மாமன் கல்யாண பேண்டு செட்டில் சைடு டிரம் அடிப்பவர். முகூர்த்தம் உள்ள மாதங்களில் கோல். முகூர்த்தம் இல்லாத மார்கழியிலும் மழைக்காலத்திலும் கொத்தனாருக்குக் கையாள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். முதல் பருவத்துக்குரிய புத்தகங்கள் மாமனின் வைகாசி மாத முகூர்த்தங்களில் வாங்கியவை. "நீயாவது இந்தக் கோலைத் தொடாமல் இரு மாப்பிள்ளை" என்று அவர் சொல்வார். ஏன் அப்படிச் சொல்கிறார்? கோலின் மீது வெறுப்பா? அதைத் துணியில் சுற்றிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைப்பவர் அவர். வெறுப்பு கோலின் மீது அன்று. கோல் பிடித்தவனைப் பந்தியில் கடைசியாக உட்கார வைக்கும் வழக்கத்தின் மீது.

இங்கே மற்றொரு நியாயத்தையும் நான் ஒப்புக்கொள்கிறேன். சாவுக்கும் தண்டோராவுக்கும் பறையடிக்க வேண்டும் என்று பிறப்பின் பேரால் கட்டாயப்படுத்தப்பட்டவர்கள், அந்தப் பறையைத் தூக்கியெறிந்தது மானத்தின் செயல். அவர்களிடம் போய், "கலையை ஏன் விட்டீர்கள்?" என்று கேட்க எவருக்கும் உரிமையில்லை. கட்டாயம் உள்ளவரை கலை இல்லை. ஆனால் இன்று அந்தக் கட்டாயத்தை உடைத்துவிட்டு, விருப்பத்தோடு பறையை எடுப்பவர்கள் பெருகுகிறார்கள், பெண்களும் எடுக்கிறார்கள். 2025-ஆம் ஆண்டின் பத்மஸ்ரீ பட்டியலில் மிருதங்க மேதை குருவாயூர் துரையின் பெயரும், பறை ஆசிரியர் வேலு ஆசானின் பெயரும் ஒன்றாக இடம்பெற்றன. இளங்கோவடிகள் தண்ணுமையோனுக்குத் தந்த 'ஆசிரியன்' என்ற தகுதி, 'ஆசான்' என்ற பெயரோடு பறைக்கும் வந்து சேர்ந்தது என்றே இதைக் கொள்கிறேன்.

இயந்திரம் வந்தபோது

"இதெல்லாம் சரி, இனி கணினியே தாளம் போட்டுவிடுமே!" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அந்தக் கேள்வி புதியதன்று. 1980-லேயே மனிதர் வாசித்த டிரம்ஸ் ஒலியைச் சேமித்து ஒலிக்கும் லின் இயந்திரமும், ரோலண்டு நிறுவனத்தின் 808 இயந்திரமும் வந்துவிட்டன. அதன்பின் ஒலிப்பதிவுக் கூடங்களில் தாளக்காரர்களின் இருக்கைகள் குறைந்தன. இன்று திருமண ஊர்வலத்திலும் பேண்டு செட்டின் இடத்தை ஒலிபெருக்கி ஏற்றிய வண்டி பிடித்துக்கொள்கிறது. என் மாமனுக்கு வரும் அழைப்புகள் குறைவது இதனால்தான். இது சிறிய துன்பமன்று. ஒரு தொழிலே கரைகிறது.

ஆனாலும் இயந்திரம் ஓயாமல் பரவிய அதே ஆண்டுகளில்தான் சிவமணி என்னும் மனிதர் நாடறிந்த கலைஞரானார் என்பதை எண்ணிப் பாருங்கள். இயந்திரம் தவறாமல் அடிக்கும். ஆனால் அது கேட்பதில்லை. பாடகர் மூச்சுக்காக ஒரு நொடி நின்றால் தானும் நிற்க அதற்குத் தெரியாது. கூட்டம் சோர்ந்தால் நடையை மாற்றத் தெரியாது. எதிரே இருக்கும் மனிதரைக் கேட்டுக்கொண்டே வாசிப்பதுதான் தாளக்காரனின் உயிர்க்கலை. அதைக் கற்றவனுக்கு இயந்திரம் ஒரு கருவியாகும். கற்க வாய்ப்பில்லாதவனுக்கு அதுவே எமனாகும். ஆகவே சிக்கல் இயந்திரத்தில் இல்லை. கற்கும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது என்பதில் இருக்கிறது.

என்ன செய்யலாம்?

ஒரு சிவமணியைக் காட்டி, "எல்லோரும் கோலெடுங்கள், பத்மஸ்ரீ வரும்" என்று நான் சொல்லவில்லை. அவருக்குத் தந்தை வழியில் தொழிலும், சென்னையில் ஒலிப்பதிவுக் கூடங்களும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தன. திருக்கழுக்குன்றம் பக்கத்துச் சிற்றூரில் பிறந்த தாளக்காரப் பையனுக்கு அவை இல்லை. திறமையிருந்தும் பெயர் தெரியாமல் போனவர்களே மிகுதி. ஆகவே ஒருவரின் வெற்றியைக் கொண்டாடுவதோடு நம் கடமை முடிவதில்லை.

மாமல்லபுரத்தைப் பாருங்கள். கல் தச்சர்களின் உளி அங்கே தலைமுறை தலைமுறையாக ஒலிக்கிறது. 1957-இல் அரசு அங்கே சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கியது. அது வளர்ந்து கல்லூரியாயிற்று. இன்று சிற்பக்கலையில் பட்டமே பெறலாம். உளி பிடித்த கைக்குப் பட்டம் கிடைக்கும் மாவட்டத்தில், கோல் பிடித்த கைக்கு ஏன் அத்தகைய மதிப்பு இல்லை? பாறையை மதித்த ஊர் பறையையும் மதிக்கலாகாதா?

என் வேண்டுகோள்கள் மூன்று. முதலாவது, நம் கல்லூரியின் நுண்கலை மன்றத்துக்கு ஒரு டிரம்ஸ் செட்டும் நான்கு பறைகளும் வாங்கப்பட வேண்டும். வாரத்தில் ஒரு மாலை, நம் மாவட்டத்துப் பறை, பம்பை, தவில் கலைஞர்கள் வந்து கற்பிக்க வேண்டும். அவர்களை விருந்தினர் என்று அழைக்க வேண்டாம். ஆசிரியர் என்றே அழைத்து, ஆசிரியருக்குரிய ஊதியம் தர வேண்டும். இரண்டாவது, எந்தக் கல்லூரியானாலும் விழாவில் வரவேற்க வருகிற கலைஞர்களுக்கு அரங்கினுள் இருக்கையும், நிகழ்ச்சி நிரலில் பெயரும், மேடையில் பதினைந்து நிமிடமும் தர வேண்டும். மூன்றாவது, எங்கள் இயற்பியல் துறையின் ஒலியியல் பாடத்தில் இசைக்கவை, சுரமானி ஆகியவற்றோடு ஒரு மிருதங்கமும் மேசைக்கு வர வேண்டும். இராமன் செய்த ஆய்வை அவர் நாட்டு மாணவன் மணலைத் தூவித் தானே செய்து பார்க்க வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு, ஒரு நாள் விழாவின் பந்தலுக்கும் விளக்குக்கும் ஆகும் செலவைவிட மிகுதியாக இராது.

முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நண்பர்களுக்கு ஒரு சொல். நம் வீடுகளில் யார் கையிலாவது ஒரு கருவி இருந்திருக்கும்: கோலோ, உளியோ, வலையோ, ஏரோ. பட்டம் பெறுவது அந்தக் கையை மறைத்துக்கொள்வதற்காக அன்று. அந்தக் கைக்குள் இருந்த கணக்கையும் அறிவையும் உலகத்துக்கு எடுத்துச் சொல்லும் சொல்வன்மை பெறுவதற்காகவே நாம் படிக்கிறோம். பறைதல் என்றால் சொல்லுதல். நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?